பதினோரு படமும் ஒரு வலது கண்ணும்

உலகத்தின் எந்த மூலையில் எந்த விஞ்ஞானி எதைக் கண்டுபிடித்தாலும் ஆலடித்திடல் பக்கிரிசாமிக்குத் தன் வயலில் இரண்டு மூட்டை கூடுதலாக விளைந்த மாதிரி சந்தோஷம் வந்துவிடும். அவருக்கு இருப்பது வெண்ணாற்றுப் பாசனத்தில் ஆறு மா நிலம், எட்டாம் வகுப்புப் படிப்பு, திரையில் கீறல் விழுந்த ஒரு செல்போன். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் மருத்துவ உலகத்தைக் கண்காணித்து வந்தார். பேப்பரில் வரும் மருத்துவச் செய்திகளை வெட்டி உரச்சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றியிருந்தார். எலி ஒருமுறை புற்றுநோய்ப் பகுதி முழுவதையும் தின்றுவிட்டதில் அவருக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கண்டதை எல்லாம் ஊருக்குச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த இடம் நெல் கொள்முதல் நிலையம். அறுத்த நெல்லை அங்கே கொட்டிவிட்டால், ஈரம் காய்ந்து அதிகாரி மனமும் இளகும்வரை நாலைந்து நாள் குவியலுக்குக் காவல் கிடக்க வேண்டும். எழுந்து ஓட முடியாத கூட்டம். பன்றியின் சிறுநீரகத்தை மனிதனுக்கு வைத்து ஓட விட்ட கதையை அவர்களுக்கு அவர் மூன்று போகம் சொல்லியிருக்கிறார். தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பியும் சொன்னதுண்டு.

கேலி செய்வது சுலபம். ஆனால் பக்கிரிசாமியின் அறிவியல் பைத்தியத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். களையெடுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டியவரைப் பக்கத்து ஊர் மந்திரவாதியிடம் தூக்கிப் போனார்கள். அவன் மூன்று மணி நேரம் வேப்பிலை அடித்தான். அப்பா பிழைக்கவில்லை. ஒன்பது வயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பக்கிரிசாமி, அதற்குப் பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரைப் பார்த்தாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். கொரோனா ஊசிக்கு ஊரில் முதல் கையும் அவர் கைதான்.

இப்படிப்பட்ட ஆளைத் தேடிக்கொண்டு ஒரு நிறுவனம் வராமல் இருக்குமா? வந்தது. தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் இயங்கும் காவிரிப் படுகை விழித்திரை உயராய்வு நடுவம். செயற்கை நுண்ணறிவுக் கேமரா ஒன்றை அது உருவாக்கியிருந்தது. சர்க்கரை நோய் கண்ணைத் தின்னத் தொடங்கியிருக்கிறதா என்று அந்தக் கேமரா ஏழே நொடியில் சொல்லிவிடும். சோதித்துப் பார்க்க ஒரு கிராமம் தேவைப்பட்டது. பக்கிரிசாமி வீடு வீடாகப் போய் எண்பத்தேழு சர்க்கரை நோயாளிகளைத் திரட்டினார். அதில் முதல் பெயர் அவர் மனைவி அம்சம்.

முகாம் நாளில் கருவி வருவதற்கு முன்னால் நாற்காலிகள் வந்தன. நாற்காலிகளுக்கு முன்னால் ஃபிளெக்ஸ் வந்தது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைக் காலை பத்து மணிக்கே எண்பத்தேழு பேருக்கும் விட்டுவிட்டார்கள், சிறப்பு விருந்தினர் வல்லம் தாண்டிவிட்டதாகப் போன் வந்ததால். அவர் வல்லத்தைத் தாண்டி வரும்போது மணி இரண்டு. அதுவரை பங்குனி வெயிலில், கண்ணைத் திறந்தால் கூசுகிறது, மூடினால் ஒழுகுகிறது என்று எண்பத்தேழு பேர் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர் மேடையேறினார். ஊரே கண்ணீர் வடிப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோய்த் தானும் கைக்குட்டையை எடுத்தார்.

நடுவத்தின் இயக்குநர் டாக்டர் நெடுஞ்செழியன் பேசினார். "ஏழே நொடி! ஏழைகளின் விழிகளுக்காக ஏழே நொடி!" என்றார். அதைச் சொல்ல ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். மாலை ஆகிவிட்டது. மீதி நேரத்தில் ஒரே ஒருவரைத்தான் படமெடுக்க முடியும் என்றார்கள். ஊரைத் திரட்டியவரின் மனைவி என்று அம்சத்தைக் கூப்பிட்டார்கள்.

அம்சம் கருவியின் முன்னால் உட்கார்ந்து, தாங்கியில் தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, இமைக்காமல் பார்த்தாள். வீட்டில் ஒரு வாரமாக ஒரு சொம்பை எதிரில் வைத்து அவளைப் பழக்கியிருந்தார் பக்கிரிசாமி. வலது கண்ணைப் படமெடுத்தார்கள். ஏழு நொடியில் திரையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரான எழில்மொழி என்ற பெண் அதைச் சட்டென்று உள்ளங்கையால் மறைத்தாள்.

"என்னம்மா, செவப்பா எரியுதே?"

"ரிசல்ட்டைக் கமிட்டிதான் சொல்லணும் ஐயா. நாங்க சொல்லக் கூடாதுங்க."

ஒப்புதல் படிவம் முப்பத்துநான்கு பக்கம் இருந்தது. எல்லோரும் கைநாட்டு வைத்துவிட்டு எலுமிச்சைச் சாதப் பொட்டலத்துக்குப் போய்விட்டார்கள். பக்கிரிசாமி உட்கார்ந்து படித்தார். நடுவத்தின் வரலாற்றில் அதைப் படித்த முதல் மனிதர் அவர்தான். உடனே புகைப்படக்காரரை அழைத்து வந்து, அவர் படிப்பதை நாலு பக்கத்திலிருந்தும் எடுத்தார்கள். இருபத்திரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து அவர் கேட்டார்.

"ஆய்வு முடியிறவரைக்கும் வேற எடத்துல கண் வைத்தியம் பாக்கணும்னா ஒங்ககிட்ட அனுமதி வாங்கணும்னு போட்டிருக்கே?"

"அது சும்மா ஃபார்மாலிட்டிங்க ஐயா. நாங்கதான் கூடவே இருக்கோமே" என்றாள் எழில்மொழி. படிவம் படிக்கும் அந்தப் படம் பிறகு நடுவத்தின் ஆண்டறிக்கைக்கு அட்டைப் படமானது.

மூன்று மாதம் கழித்துப் பக்கிரிசாமி முடிவைக் கேட்டார். 'பகுப்பாய்வில் உள்ளது' என்று பதில் வந்தது. ஆறு மாதம் கழித்துக் கேட்டார். முடிவு தெரிவிப்புக் குழு அமைக்கப்பட்டுவிட்டதாகவும், அது முதல் கூட்டத்தில் தனக்கு ஒரு சின்னம் தேர்ந்தெடுத்ததாகவும் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தச் சின்னத்தில் இருக்கும் கண் ஆண் கண்ணா பெண் கண்ணா என்று கருத்து வேறுபாடு எழுந்து, துணைக் குழு போட்டார்கள். அம்சத்தின் போனுக்கு மட்டும் மாதாமாதம் தவறாமல் ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'உங்கள் விழி தேசத்தின் சொத்து. நன்றி.'

சொத்தை அவ்வப்போது வந்து படமெடுத்துப் போனார்கள். குறுவை நடவுக்கு ஒரு முறை, சம்பாவுக்கு ஒரு முறை, அறுப்புக்கு ஒரு முறை. மற்ற எண்பத்தாறு பேர் முதல் முகாமோடு கும்பிடு போட்டுவிட்டார்கள். நடுவமும் அவர்களைத் தேடவில்லை. பக்கிரிசாமிக்கு 'அறிவியல் தூதர்' என்று அட்டையும் நீலத் தொப்பியும் கொடுத்து, மற்ற ஊர் முகாம்களில் அப்பா கதையைச் சொல்ல வைத்தார்கள். தொப்பியோடு அவர் நாற்றுப் பறித்தார்.

மூன்றாம் வருஷம் ஆடியில் அது நடந்தது. நாற்றங்காலில் நெல் நாற்றும் குதிரைவாலிப் புல்லும் சின்னதில் ஒன்றுபோலவே இருக்கும். தூரைப் பார்த்துப் புல்லை மட்டும் பிடுங்க அம்சத்தைவிட்டால் ஆலடித்திடலில் ஆள் கிடையாது. மற்றவர்கள் வயலுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவள் ஒரு பாத்தி முழுவதும் உட்கார்ந்து பிடுங்கி வரப்பில் போட்டிருந்ததைப் பக்கிரிசாமி வந்து பார்த்தார். எல்லாம் நெல் நாற்று. புல் பாத்தியில் செழிப்பாக நின்றது.

"என்ன அம்சம் இது?"

"ஏங்க?" என்று அவள் நிமிர்ந்தாள். வரப்பில் கிடந்ததைக் கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "கொஞ்ச நாளா கண்ணுக்குள்ள நூல் நூலா தொங்குதுங்க. புகை அடிச்ச மாதிரி இருக்கு. ஒங்ககிட்ட சொன்னா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுவீங்க, திரும்ப மருந்து ஊத்துவாங்கன்னு சொல்லல."

பக்கிரிசாமி வரப்பில் நின்றபடியே எழில்மொழிக்குப் போன் போட்டார். அங்கே எல்லோரும் பரபரப்பானார்கள். ஒரு மணி நேரத்தில் ஏசி கார் வந்தது. பார்த்தாயா, எப்படி ஓடி வருகிறார்கள் என்று அவர் அம்சத்திடம் சொல்லி மகிழ்ந்தார். நடுவத்தில் அவளைச் சுற்றி ஏழு டாக்டர்கள் நின்று படமெடுத்தார்கள். "சரியான நேரத்துல வந்தீங்க, ஒரு வாரம் தள்ளியிருந்தா மிஸ் ஆயிருக்கும்" என்று ஒருவர் கைகொடுத்தார். நாற்றைப் பிடுங்கிய விஷயத்தை 'அன்றாட வாழ்க்கைத் தரம்' என்ற பட்டியலில் எழுதி, நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் போட்டார்கள். பிறகு ஒரு சால்வை போர்த்தி, அதே காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். மருந்து எதுவும் தரவில்லை.

அம்சத்தின் தங்கை செந்தாமரை தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். விஷயம் கேள்விப்பட்டு அடுத்த நாளே பஸ் ஏறி வந்தாள்.

"மாமா, இது சர்க்கரையில வர்ற கண்ணு நோவு. எங்க ஆஸ்பத்திரியில தெனம் நாப்பது பேரு வர்றாங்க. லேசர் வெச்சு அரை மணி நேரத்துல அனுப்பிடுறாங்க. காசு கெடையாது. அக்காவ நாளைக்கே என்கூட அனுப்புங்க."

பக்கிரிசாமி நியாயமான மனிதர். இருபத்திரண்டாம் பக்கம் நினைவிருந்ததால் அனுமதி கேட்டுப் போன் செய்தார். இயக்குநரே பேசினார்.

"ஐயா, எட்டுப் படம் எடுத்தாச்சு. இப்ப வெளியில யாராவது லேசர் வெச்சா மொத்த டேட்டாவும் கெட்டுப்போயிடும். நீங்க சாதாரண ஆள் இல்ல, தூதர். ஒங்களுக்கு நான் சொல்லணுமா? நம்ம கருவி பாத்துக்கிட்டேதானே இருக்கு?"

போனை வைத்தபோது பக்கிரிசாமியின் முகம் தெளிந்திருந்தது. அவர் குடும்பத்தில் எத்தனையோ வருஷம் அடுப்பு எரியாமல் கிடந்திருக்கிறது. ஆனால் விதைநெல்லில் யாரும் கைவைத்தது கிடையாது. பசிக்கிற பிள்ளைகள் எதிரில் கிடந்தாலும் விதைக்கோட்டையைப் பிரிக்க மாட்டார்கள். அவருக்கு டேட்டா என்ற சொல் அந்த வழியாகத்தான் புரிந்தது.

"செந்தாமர, அது வெதநெல்லு மாதிரி. கலப்பு விழுந்தா அவ்வளவுதான், நாளைக்கு ஆயிரம் பேரு கண்ணுக்கு ஆகுறது நம்மால கெட்டுப்போயிடும். கொஞ்சம் பொறுத்துக்க."

"வெதநெல்லா? மாமா, அது எங்க அக்கா கண்ணு!"

"நீ ஆயா. அவரு டாக்டரு" என்றார் பக்கிரிசாமி. அவர் வாழ்க்கையில் சொன்ன கெட்ட வார்த்தை அது ஒன்றுதான். செந்தாமரை காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள். அம்சம் இருவருக்கும் நடுவில் நின்று, "இவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

ஒன்பதாவது படத்துக்கு அம்சம் தானே நடந்து காரில் ஏறினாள். பத்தாவதுக்குப் பக்கிரிசாமி கையைப் பிடித்து ஏற்றினார். பதினோராவது படம் எடுத்த அன்று, ஊசியில் நூல் கோக்கும் வேலை, அரிசியில் கல் பொறுக்கும் வேலை எல்லாம் பக்கிரிசாமி கைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. இடது கண்ணிலும் நூல் தொங்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் அழைப்பிதழ் வந்தது. தஞ்சாவூரில் பெரிய ஹோட்டலில் உலக விழித்திரை மாநாடு. 'அறிவியலுக்குத் துணைநின்ற தம்பதி' என்று அவர்கள் பெயர் தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. முடிவையும் அன்றைக்கே சொல்வார்களாம். பக்கிரிசாமி வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டார். அம்சத்துக்குத் தீபாவளிப் புடவை.

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். விளக்கு அணைந்தது. சுவர் அகலத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய வட்டம் வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாகப் பதினொன்று. முதல் வட்டம் தெளிவாக, ரத்தக் குழாய்கள் ஓடிக்கொண்டு, அங்கங்கே சிவப்புப் புள்ளிகளோடு இருந்தது. போகப் போகப் புள்ளிகள் பெருகின. எட்டாவதில் ரத்தம் கட்டியிருந்தது. பதினோராவது முழுவதும் இருட்டு.

"என்னங்க காட்டுறாங்க? எல்லாரும் கை தட்டுறாங்களே" என்று அம்சம் கேட்டாள்.

மேடையில் நெடுஞ்செழியன் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார்.

"எங்கள் கருவி முதல் நாள், முதல் படத்திலேயே, ஏழே நொடியில் இந்த நோயைக் கண்டுபிடித்துவிட்டது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். அது சரியாகத்தான் சொன்னதா என்று எப்படி நிரூபிப்பது? காத்திருந்தோம். மூன்று ஆண்டுகள் காத்திருந்தோம். பார்வை முழுமையாகப் போனது. கருவி வென்றது!"

கைதட்டல் அடங்கியதும் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு வயதான பெண் டாக்டர் எழுந்து, "மூணாவது படத்துலயே லேசர் பண்ணியிருக்கணுமே. ஏன் அனுப்பல?" என்றார்.

"அருமையான வினா" என்றார் நெடுஞ்செழியன். "சிகிச்சை எங்கள் நடுவத்தின் வரம்பில் வராது. கண்டறிதல்தான் எங்கள் கடமை. கடமையை மீற எங்களுக்கு மனம் வரவில்லை. இடையில் யாராவது சிகிச்சை செய்திருந்தால் நாலாவது படத்தோடு இந்தத் தொடர் நின்றிருக்கும். உலகில் வேறெங்கும் இவ்வளவு முழுமையான தொடர் இல்லை. காரணம், மற்ற நாடுகளில் நோயாளிகள் பொறுமை இழந்து குணமாகிவிடுகிறார்கள். நம் டெல்டா மக்கள் அப்படி இல்லை. அவர்களை நான் வணங்குகிறேன்!"

இரண்டு கைகளையும் கூப்பி முன்வரிசையை நோக்கி வணங்கினார். கேட்டவரைத் தவிர மண்டபமே எழுந்து நின்றது. தம்பதியை மேடைக்கு ஏற்றினார்கள். மறுபடி ஒரு சால்வை. கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றை அம்சத்தின் கையில் கொடுத்தார்கள். அவள் கண்ணாடியை விரலால் தடவினாள்.

"யாரு படங்க இது?"

"ஒன் கண்ணுதான் அம்சம்."

"அப்படியா? நல்லா இருக்கா?"

ஏமாந்துவிட்டோம் என்றுகூடப் பக்கிரிசாமிக்குத் தோன்றவில்லை. ஏமாற்ற வந்தவர்களுக்குத் தானே வண்டி பிடித்துக் கொடுத்து, வீட்டைக் காட்டி, கதவையும் திறந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. அறிவியல் தூதர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று எழில்மொழி மைக்கைக் கொடுத்தாள். "அப்பா கதைய சொல்லுங்க ஐயா, எல்லாருக்கும் பிடிக்கும்" என்று காதில் சொன்னாள். மூன்று வருஷமாக முகாம் தோறும் அவர் அந்தக் கதையைச் சொல்லித்தான் கூட்டம் சேர்த்திருந்தார்.

"எங்கப்பாவ பாம்பு கடிச்சுது" என்று தொடங்கினார். "மந்திரவாதிகிட்ட தூக்கிட்டுப் போனாங்க. மூணு மணி நேரம் வேப்பல அடிச்சான். இதுவரைக்கும்தான் ஒங்க முகாம்ல எல்லாம் சொல்லியிருக்கேன். மிச்சத்த சொன்னதில்ல, சொன்னா கத கெட்டுப்போயிடும்னு. மூணு மணி நேரம் அடிச்சுட்டு அந்த மந்திரவாதி வேப்பலைய கீழ போட்டான். எங்க அம்மா கால்ல விழுந்தான். 'தாயி, இது எனக்கு அடங்கல. என்னை நம்பிக் கெட்டுப்போவாத. ஒடனே தஞ்சாவூருக்குக் கொண்டு போ'ன்னு அழுதான். கட்டைவண்டிக்கு அவனே மாட்டப் பூட்டுனான். எங்கப்பா வழியிலதான் செத்தாரு."

மைக்கை இயக்குநர் பக்கம் நீட்டினார். "அந்தக் கைநாட்டுப் பயலுக்கு அந்த வார்த்த மூணு மணி நேரத்துல வாயில வந்துது டாக்டரய்யா. ஒங்களுக்கு மூணு வருசம் வரல."

மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. நெடுஞ்செழியன் மைக்கை வாங்கி, மூடநம்பிக்கையிலிருந்து தன் குடும்பத்தை மீட்டதற்காக இந்த விவசாயி நடுவத்துக்கு நன்றி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இதுவரை கேட்டதிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது. திட்டம் முடிந்துவிட்டதால் திரும்பிப் போகக் கார் இல்லை என்றாள் எழில்மொழி. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கிரிசாமி ஊருக்குப் போகவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறிச் செந்தாமரை வீட்டு வாசலில் போய் நின்றார். நீலத் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். செந்தாமரை அவரைப் பேச விடவில்லை. "உள்ள வாங்க மாமா. காலையில ஏழு மணிக்குச் சீட்டுப் போடணும்" என்றாள்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் இருந்தவர் வயது குறைந்த பெண் டாக்டர். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். பக்கிரிசாமி கண்ணாடிச் சட்டத்தை நீட்டினார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சட்டத்தின் பின்னால் முதல் முகாமின் தேதி அச்சாகியிருந்தது. அதைப் படித்துவிட்டுப் படத்தை மெல்ல மேசையில் வைத்தார்.

"வலது கண்ணுல இனி செய்ய ஒண்ணும் இல்லைங்க. இடது கண்ணை விடக் கூடாது. இன்னைக்கே லேசர் ஆரம்பிச்சிடலாம். அம்மா, இப்படி வந்து உக்காருங்க."

எப்படி உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லத் தொடங்கும் முன்பே அம்சம் கைகளால் தடவித் தாங்கியைக் கண்டுபிடித்தாள். தாடையை வைத்தாள். நெற்றியைப் பட்டையில் ஒட்டினாள். இடது கண்ணை அகலத் திறந்துகொண்டு, மூச்சுக்கூட அசையாமல் இருந்தாள். டாக்டர் கருவி வழியாகப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார்.

"படிச்சவங்ககூட இவ்வளவு ஆடாம இருக்க மாட்டாங்க. எங்க பழகுனீங்கம்மா?"

அம்சம் தாடையை எடுக்காமல், இமைக்காமல், வாயை மட்டும் அசைத்தாள்.

"எல்லாம் எங்க வீட்டுக்காரரு சொல்லிக் குடுத்ததுங்க" என்றாள். அவள் குரலில் இருந்தது பெருமைதான்.